பரண் மேல் ஏற்றாதீர்கள்

அத்தியாயம் 7: வீட்டுப் பழம்பொருள்களைப் பாதுகாத்தல்

எங்கள் வீட்டில் பாட்டியின் கூறைப்புடவை நாற்பது வருடம் பத்திரமாக இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு அந்துருண்டை சேர்த்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்து, பெட்டியைப் பரணில் ஏற்றியிருந்தார்கள். தங்கை கல்யாணத்துக்கு அதை இறக்கி, எடுத்து உதறினோம். உதறிய வேகத்தில் மடிப்புக்கு மடிப்பு பிளந்து துண்டு துண்டாகக் கையில் வந்தது. ஜரிகை கறுத்துக் கிடந்தது. கரையான் தொடவில்லை, எலி கடிக்கவில்லை, யாரும் கட்டிக் கிழிக்கவும் இல்லை. பத்திரமாக வைத்ததிலேயே போய்விட்டது.

வீட்டுப் பழம்பொருள் அழிவதில் திருடனின் பங்கு சொற்பம். ஈரம், சூடு, பூச்சி, பிறகு நம் கையில் இருக்கும் புளி, இந்த நாலும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. இவற்றைச் சமாளிக்கப் பெரிய செலவு தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஏணி போட்டு ஏற வேண்டிய இடத்தில் வைத்ததை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

எங்கே வைப்பது

"அந்தக் காலத்தில் எல்லாம் பரணில்தானே இருந்தது, கெட்டா போயிற்று?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பரணுக்கு மேலே ஓடு இருந்தது. ஓட்டு இடுக்கில் காற்று நுழைந்து வெளியேறியது. கீழே விறகடுப்பு எரிந்தது; அதன் புகை மேலே போய்த் தங்கி, பூச்சியை அண்டவிடாமல் வைத்தது. இன்றைய லாஃப்ட் கான்கிரீட் கூரைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்கிறது, இரவில் ஆறுகிறது. மரமும் பட்டும் காகிதமும் தினமும் விரிந்து சுருங்கி நொய்ந்துபோகின்றன. லாஃப்ட் பாத்ரூமுக்கு மேலே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நல்ல இடம் என்பது வெளிச்சுவரோ பாத்ரூம் சுவரோ இல்லாத உள்ளறை. அதில் ஒரு பீரோவின் நடுத்தட்டு. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். வெள்ளம் வருகிற பகுதியில் தரைத்தள வீடு என்றால் இடுப்பு உயரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். இரும்பு பீரோவா மர அலமாரியா என்றால், உளுவும் கரையானும் ஏறாது என்பதால் என் ஓட்டு இரும்புக்கு. புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரியில் பசை வாசனையும் பெயின்ட் வாசனையும் அடங்க மாதக்கணக்காகும். அந்த ஆவி வெள்ளி, வெண்கலம், புகைப்படம் எதற்கும் ஆகாது.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். 45-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு வரவேற்பு. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்த அளவில் நிறுத்துவது கடினம். அங்கே வாரம் ஒருமுறை பீரோவை அரைமணி நேரம் திறந்துவைப்பதும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும்தான் வழி. நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று தெரியும். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி உபயோகிக்கலாம். அரிசி மூட்டை கட்டி வைக்கலாமே என்பவர்களுக்கு: அரிசி வண்டைக் கூட்டிவரும்.

பட்டு

மேலே சொன்ன புடவை ஏன் பிளந்தது? ஒரே மடிப்பில் நாற்பது வருடம் இருந்தது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளித் தகடு, அதன் மேல் பொன்முலாம். உலோகம் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்தால் முறியும். முறிந்த விளிம்பு அடுத்த இழையை அறுக்கும். பிளாஸ்டிக் கவர் உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடவில்லை. அந்துருண்டையின் ஆவியும் அதே கவருக்குள் ஜரிகையோடு அடைபட்டுக் கிடந்தது.

பழைய பட்டைப் பல தடவை துவைத்து மெலிந்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி போட்டது கூடாது. கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். கட்டிய புடவையை அன்றே மடித்து வைக்காமல் நிழலில் காற்றாட விட்டு வியர்வை போகச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மிகப் பழையதானால் மடிக்கவே வேண்டாம்: அட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் புடவையைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிவிடுங்கள். ஜரிகைப் பக்கம் வெளியே பார்க்கட்டும். ஹேங்கரில் தொங்கவிடுவது புதுப் புடவைக்குச் சரி. நூல் தளர்ந்த பழசு தன் பாரத்திலேயே கிழியும்.

அந்துருண்டைக்குப் பதில் வசம்பு, கிராம்பு, உலர்ந்த வேப்பிலை ஆகியவற்றைச் சிறு துணி முடிச்சாகக் கட்டி, துணியைத் தொடாமல் ஒரு மூலையில் வைக்கலாம். வாசனை போனதும் மாற்ற வேண்டும். ஐந்து வருடப் பழைய வேப்பிலை வெறும் சருகு. அந்துருண்டைதான் வேண்டுமென்றால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆவி சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

விளக்கும் பாத்திரமும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் வீடுகளில் அதிகச் சேதம் நடப்பது இங்கேதான், அதுவும் வெள்ளிக்கிழமைதோறும்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி போட்டுத் தேய்க்கும்போது அழுக்கோடு கொஞ்சம் உலோகமும் கரைகிறது, அதில் துத்தநாகம் முந்திக்கொள்கிறது. தேய்த்த விளக்கு லேசாகச் சிவந்து தெரிகிறதே, அது துத்தநாகம் போன இடத்தில் எட்டிப்பார்க்கும் செம்பு. தினம் ஏற்றும் விளக்குக்கு இது பரவாயில்லை, விளக்கு இருப்பதே ஏற்றத்தான். கொள்ளுப்பாட்டி சீராகக் கொண்டுவந்த அண்டாவுக்கு இது ஆகாது. அந்தக் கால அண்டாவிலும் குடத்திலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள்: ஊர் முதலெழுத்து, அப்பா பெயர், சில சமயம் கல்யாண வருடம். தேய்க்கத் தேய்க்க முதலில் மறைவது அந்தப் பெயர்தான். எங்கள் வீட்டுக் குடம் ஒன்றில் இப்போது மிச்சமிருப்பது இரண்டரை எழுத்து. அது யார் பெயர் என்று குடும்பத்தில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

பழம்பாத்திரத்தை மென்மையான துணியால் தூசி தட்டினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெந்நீரில் சிறிது பாத்திர சோப்புக் கரைத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். தேங்காய் நார், கம்பி ஸ்க்ரப்பர், செங்கற்பொடி வேண்டாம். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார்கள். அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்வதோடு, அதிலுள்ள அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பும் ஆகிறது. குத்துவிளக்கின் தகழியைச் சுற்றிப் பிசினாக ஒட்டியிருக்கும் பச்சை அதுதான்.

களிம்பில் இரண்டு சாதி உண்டு. பழைய வெண்கலத்தின் மேல் கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருப்பது உலோகத்துக்குக் கவசம், அதை விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்து, துடைத்தாலும் சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூப்பது வேறு. உப்புச்சத்து உள்ளே புகுந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகிறது. கடற்காற்று படும் வீடுகளில் இது சாதாரணம். உடனே அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அதன் பிறகு வீட்டு வைத்தியம் வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலிருந்தே உலோகச் சிலைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்யும் வேதியியல் கூடம் இயங்குகிறது. அங்கே போய் யோசனை கேளுங்கள்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காற்றில் இருப்பது போதாதென்று நாமும் சேர்க்கிறோம்: வெள்ளிக் கிண்ணங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கிறோம். ரப்பரில் கந்தகம் உண்டு. பேண்ட் பட்ட இடத்தில் வளையமாகக் கறுப்பு ஏறி, சில சமயம் குழியே விழுந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, இரண்டு சாக்பீஸ் சேர்த்து மூடுங்கள். பல்பொடி, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். நகாசு வேலை முழுதும் மழுங்கிவிடும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் சலித்த விபூதி எவ்வளவோ மேல்.

ஈயச் சொம்புக்கு ஒரே எச்சரிக்கை. அது 232 டிகிரியில் உருகிவிடும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் அதை வெறுமையாக கேஸ் அடுப்பில் ஏற்றும் முன் யாராவது சொல்லிவிடுங்கள். எவர்சில்வரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது நம் எல்லாரையும் தாண்டி இருக்கும்.

நகை

பழைய அட்டிகை, ஒட்டியாணம், கல் வைத்த ஜிமிக்கி பலவற்றின் உள்ளே அரக்கு இருக்கும். பொற்கொல்லர் தகட்டுக்கு உறுதியாகவும் கல்லுக்குப் பிடிமானமாகவும் வைத்தது அது. வெந்நீரில் பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்தால் அரக்கு இளகி, கல் உதிரும். முத்தும் பவளமும் கடலில் உயிர் வளர்த்த பொருள்கள். எலுமிச்சை, வினிகர், வியர்வை எல்லாம் அவற்றை அரிக்கும். கழற்றியதும் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, தனித் துணிப்பையில் வையுங்கள். வைரத்தோடோடு சேர்த்துப் போட்டால் வைரம் அத்தனையிலும் கீறல் போடும். முத்துக்குச் சிலிக்கா ஜெல் வேண்டாம், அதிகம் உலர்ந்தால் வெடிக்கும்.

பத்திரம், கடிதம், படம்

தாத்தாவின் 1930-களின் கிரயப் பத்திரம் மடிப்பில் கிழிந்திருந்தது. பாதுகாக்கிறேன் பேர்வழி என்று ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வந்தேன். ஆறேழு வருடத்தில் உள்ளே காகிதம் பழுத்து, மையும் பரவிவிட்டது. இப்போது பிரிக்கவும் முடியாது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகித நாருக்குள் இறங்கிவிட்டால் அது ஒருவழிப் பாதை. செலோடேப்பும் அப்படித்தான். டேப் உதிர்ந்தாலும் அதன் மஞ்சள் கறை உதிராது.

பழைய காகிதத்தை மடிப்பு நீக்கி, குண்டூசி, ஸ்டேபிள், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அமிலமற்ற காகித உறைக்குள் படுக்க வையுங்கள். அது கிடைக்காவிட்டால் நல்ல பருத்தி நார்க் காகிதம். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மலிவுக் காகிதத்தின் அமிலம் பக்கத்துக் காகிதத்துக்கும் தொற்றும். படத்தின் பின்னால் பெயர் எழுதப் பால்பாயின்ட் பேனா வேண்டாம். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். "இது யாரு மாமா?" என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்?

1980, 90-களில் பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் இழுத்து மூடும் ஆல்பங்கள் வந்தன. அந்தப் பசை கல்யாணப் படங்களை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறது. மெல்லிய நூலைப் பல் துலக்கும் அசைவில் அடியில் செலுத்தி விடுவிக்கலாம். வராததை இழுக்காமல், பக்கத்தோடு அப்படியே போட்டோ எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன சட்டப் படத்துக்கும் இதுவே. பிலிம் நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அந்த பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. முதலில் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஆல்பமும் பத்திரமும் நனைந்தன. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் காகிதம் முறுக்கிக்கொள்ளும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். சேற்றை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, மின்விசிறிக்குக் கீழே தனித்தனியாக வெள்ளைத் துணி மேல் பரப்புங்கள். எல்லாவற்றையும் உலர்த்த நேரமில்லையா? பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. ஒரு மாதம் கழித்துக்கூட ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். கண்ணாடித் தகட்டுப் படம் மட்டும் ஃப்ரீசருக்குப் போகக்கூடாது.

தஞ்சாவூர்ப் படம், மரம்

தஞ்சாவூர்ப் படம் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணமும் கோந்தும் பூசி எழும்பவைத்து, மேலே பொன் இதழ் ஒட்டியது. தண்ணீர் பட்டால் அடியிலிருந்தே கழன்றுவரும். கண்ணாடியை மட்டும் துடைக்கலாம், அதுவும் துணியில் தண்ணீர் தொட்டு; கண்ணாடி மேல் தெளித்தால் சட்ட இடுக்கில் இறங்கும். பூஜையறையில் கற்பூரப் புகைக்கு நேராகவோ எதிர்வெயில் படும் சுவரிலோ மாட்டாதீர்கள். பின்புறம் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போகும்.

மரப்பாச்சி, ஊஞ்சல் பலகை, பல்லாங்குழி இவற்றின் கீழே மஞ்சள் மாவு கொட்டியிருந்தால் உளு உள்ளே வேலை செய்கிறது. கையளவுப் பொருளைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் ஆறவிடுங்கள். ஓவியம் தீட்டிய பொம்மைக்கு இது கூடாது.

லாக்கர்

வங்கி லாக்கரில் வைத்துவிட்டால் வங்கி பொறுப்பு என்று நினைக்கிறோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் போனால் வங்கி தரவேண்டியது அதிகபட்சம் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, பொறுப்பே இல்லை. உள்ளே இருப்பதன் மதிப்பு அதைவிட அதிகமானால் தனியாகக் காப்பீடு எடுங்கள், நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

இத்தனையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: என்ன பொருள், எடை, அளவு, யாரிடமிருந்து வந்தது, எங்கே நசுங்கியிருக்கிறது, என்ன பெயர் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் போட்டோ. நசுங்கலும் கீறலும்தான் முக்கியம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு விளக்கைப் பிரித்துக் காட்டுவது அவைதான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல் அவர் திரும்பி வந்தார். திருட்டுக்கு முன்பு கோயிலில் எடுத்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்த படங்கள், இரண்டும் ஒரே சிலை என்று நிறுவ உதவின. அந்தப் படங்களை எடுத்தவர்கள் களவை நினைத்து எடுக்கவில்லை. ஆவணத்துக்காக எடுத்தார்கள்.

நோட்டின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும்.

சட்டம், சுவடி

1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்தைத் தாண்டிய கலைப்பொருளும், 75 வருடத்தைத் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கத் தடையில்லை. சிலை, ஓவியம், படம் வரைந்த சுவடி போன்றவற்றைப் பதிவு செய்யவேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மகள் வீட்டுக்கு, அமெரிக்காவுக்கு, பழைய விளக்கைக் கொண்டுபோகிறீர்களா? அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். யானைத் தந்தத்தில் செய்தது எதுவானாலும் விற்க நினைக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். 1878-ஆம் வருடச் சட்டம் இதற்கு வைத்த வரம்பு பத்து ரூபாய், அது இன்றும் பத்து ரூபாய்தான்.

கடைசியாக ஓலைச்சுவடி. வைத்தியர், ஜோதிடர், வாத்தியார் இருந்த பல குடும்பங்களில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. கட்டை அவிழ்க்கும்போது ஓலை வளைந்தால் பிழைத்தது. மொரமொரவென்று இருந்தால் மேற்கொண்டு பிரிக்க வேண்டாம். தூசியை மெல்லிய தூரிகையால் நீளவாக்கில் தள்ளுங்கள். ஈரத்துணி கூடாது, மேலே பூசிய மை போய்விடும். சுவடியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வைத்து, பருத்தி நூலால் இறுக்காமல் கட்டி, துணியில் பொதியுங்கள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்த முடிச்சைச் சுவடிகளுக்கு இடையே வைப்பது பழைய வழக்கம். அதையே நீங்களும் செய்யலாம். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவதைப் பழகியவரிடம் விடுங்கள். அளவு மிஞ்சினால் ஓலை ஒட்டிக்கொள்ளும்.

படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை, வைத்துக் காப்பாற்றவும் முடியவில்லை என்றால் ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டுவிடுவது முன்பு வழக்கமாக இருந்தது. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது அப்படிப் போனவற்றைக் கேள்விப்பட்டு நொந்திருக்கிறார். தஞ்சை சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், இவற்றில் ஒன்றுக்குக் கட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆற்றுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.